கேட்டவர் காத்த பாட்டு

நுழையும்முன்

ஒலியாகப் பிறக்கும் பாட்டு ஒலி அடங்கியதும் மறையும் இயல்புடையது. கேட்டவர் அதனை நெஞ்சிலோ ஏட்டிலோ ஒலித்தட்டிலோ பதித்து வைத்தால்தான் அடுத்த தலைமுறைக்கு அது கிடைக்கும். பார்வையற்ற பாவலரும் இசைவாணரும் தம் படைப்பைத் தாமே எழுதிவைக்க இயலாத காலம் ஒன்று இருந்தது. அவர்தம் பாட்டு நம் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? பாட்டைக் காத்த உலகம் பாடியவரையும் காத்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

தகடூர் தரும் இரு நினைவுகள்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் இந்நிலப்பகுதியை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தவன் அவன். உண்டாரை நெடுநாள் வாழ்விக்கும் கனி அது என்பதைக் கூறாமலே அதனைக் கொடுத்தான். அதன் அருமையைப் பின்னர் உணர்ந்த ஔவையார் அவனை வாழ்த்திப் பாடிய பாடல் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. புலவர்க்குப் பொன்னும் தேரும் யானையும் வழங்கிய மன்னர் பலர். தன்னைவிடப் புலவர் நெடுநாள் வாழவேண்டும் என்று எண்ணியது அதியமானின் தனிச்சிறப்பு.

அதே தகடூர் மற்றொரு செய்தியையும் தருகிறது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான். அப்போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்னும் நூல் எழுந்தது. அந்நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்துக்காட்டியவையும், புறத்திரட்டு என்னும் தொகைநூலில் சேர்க்கப்பட்டவையுமாகச் சில பாடல்களே எஞ்சியுள்ளன. எவரோ ஒருவர் விரும்பிப் படித்து எடுத்தெழுதிய பாடல் பிழைத்தது. எடுத்தெழுதப்படாத பாடல் மறைந்தது.

பாடியவரைக் காத்தது ஒரு கனி. பாட்டில் ஒரு பகுதியைக் காத்தது தொகுத்தவர் கை. கலை வாழ இவ்விரண்டும் வேண்டும் என்பதைத் தகடூரின் இரு நினைவுகளும் உணர்த்துகின்றன. கண்பார்வை இன்றிப் பாடியவர்களின் வரலாற்றில் இவ்வுண்மை மேலும் தெளிவாக விளங்குகிறது.

செவியை நம்பிய கலை

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாக்களை ஒட்டிப் பல நாள் பாரதச் சொற்பொழிவு நடைபெறும். பகலில் சொற்பொழிவாளர் பாட்டைப் பாடி, அதன் பொருளை மக்கள் மொழியில் விரித்துரைப்பார். இரவில் அக்கதையே தெருக்கூத்தாக ஆடப்படும். நிறைவாகத் துரியோதனன் படுகளம் நிகழும். எழுத்தறியாத முதியோரும் பாரதக் கதை முழுவதையும் நிரல்படச் சொல்ல வல்லவராக இருப்பதற்கு இத்தகைய கேள்வியறிவே காரணம்.

பாட்டும் பொருளுரையும் கலந்து அறத்தைப் போதிக்கும் இம்முறை தமிழகத்தில் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாக இருந்துள்ளது. கோவில் மண்டபங்களில் கதாகாலட்சேபம் நிகழ்ந்தது. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774 – 1864) கிறித்தவ நற்செய்தியை இதே முறையில் பாடிப் பரப்பினார். இக்கலைக்கு வேண்டியவை நல்ல குரல், கூர்ந்த செவி, நிறைந்த நினைவாற்றல், கேட்போர் மனம் அறியும் திறம் ஆகியவை. கண்பார்வை இல்லாதார்க்கும் இவை கைகூடும். ஆதலால் ஏனைய துறைகள் கதவடைத்த காலத்திலும் பாட்டும் போதனையும் அவர்களுக்கு வழிவிட்டு நின்றன.

அந்தகக்கவி

பார்வையற்ற தமிழ்ப் புலவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் அந்தகக்கவி வீரராகவர். பதினேழாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டில் வாழ்ந்தவர். இயற்றமிழோடு இசையிலும் வல்லவராகத் திகழ்ந்தார். எழுத்தின் வடிவத்தைக் கண்ணால் காண இயலாத அவர், தம் முதுகில் பிறரை எழுதச் செய்து, தொடுவுணர்வால் அதனை அறிந்து கற்றார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா, சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலிய நூல்கள் அவர் இயற்றியவை. புராணம், உலா, பிள்ளைத்தமிழ் ஆகிய மூன்றும் வெவ்வேறு இலக்கணம் உடைய இலக்கிய வகைகள். நூற்றுக்கணக்கான செய்யுள்களை மனத்துள்ளேயே வரிசைப்படுத்தி, ஒருவர் எழுதிக்கொள்ளும் விரைவிற்கு ஏற்பச் சொல்லிச் செல்வது எத்துணை அரிய உழைப்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர் பெற்ற பரிசில்களைப் பற்றியும் செய்திகள் வழங்குகின்றன. கடல் கடந்து யாழ்ப்பாணம் சென்று, அந்நாட்டு அரசனின் முன் தம் புலமையைக் காட்டிச் சிறப்புப் பெற்றார் என்பர். பார்வையற்ற ஒருவர் அந்நாளில் ஊர்தோறும் நடந்தும் கடலைக் கடந்தும் சென்றார் எனின், அவருடன் நடந்தவர், வழிகாட்டியவர், பாடல்களை ஏட்டில் எழுதியவர் எனப் பலர் இருந்திருத்தல் வேண்டும். அவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. எனினும், புலவரின் நூல்கள் நம்மை வந்தடைந்தமையே அவர்களின் உழைப்புக்குச் சான்றாக நிற்கிறது.

ஒரு சொல்லும் இரு பொருளும்

வீரராகவர் பாடிய தனிப்பாடல் ஒன்று இன்றும் கற்போரைப் புன்னகைக்க வைக்கிறது. பரிசில் பெற்று வீடு திரும்பிய பாணனை அவன் மனைவி வரவேற்று, கொண்டுவந்தது யாது என வினவுகிறாள். அவன் பெற்று வந்ததோ யானை. யானையைக் குறிக்கும் பல சொற்களை அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவளோ அச்சொற்களுக்கு உரிய வேறு பொருளைக் கொள்கிறாள். களபம் என்றதைச் சந்தனம் எனவும், மாதங்கம் என்றதை மிகுந்த பொன் எனவும், வேழம் என்றதைக் கரும்பு எனவும், பகடு என்றதை உழும் எருது எனவும் கருதி மகிழ்கிறாள். கம்பமா என்று அவன் சொன்னபோது கம்பு மாவு என எண்ணிக் களி கிண்டும் நினைவு கொள்கிறாள். இறுதியில் கைம்மா என்றதும் உண்மை விளங்குகிறது. அவள் கலங்கி நிற்கிறாள்.

இப்பாடலின் நயம் முழுவதும் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதில் அமைந்துள்ளது. வாயிலிருந்து புறப்பட்ட சொல், செவியை அடைந்ததும் வேறு பொருளாக மாறுகிறது. வேண்டியது எதுவோ அதுவே செவியில் விழும் என்னும் மனவியல்பைப் புலவர் நுட்பமாகக் காட்டுகிறார். கம்பங்களியை எண்ணி மகிழ்ந்த அவளின் பேச்சில் அவ்வீட்டின் வறுமை வெளிப்படுகிறது. யானையைப் பரிசளித்தவன், அதற்கு உணவிடப் பாணனால் இயலுமா என எண்ணிப் பார்த்தானா என்னும் வினாவும் சிரிப்பின் அடியில் மறைந்து நிற்கிறது. கொடை பெருமைக்குரியது, பெறுபவரின் தேவையை அறிந்து கொடுப்பது அதனினும் பெருமைக்குரியது.

தொகுத்த கையும் போற்றிய கையும்

நூல்களாக அமையாத இத்தகைய உதிரிப் பாடல்கள் காலப்போக்கில் அழிந்திருக்கக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரம் அரச குடும்பத்தைச் சேர்ந்த பொன்னுசாமித் தேவர் அவற்றைத் திரட்ட விரும்பினார். அவருடைய வேண்டுகோளை ஏற்றுத் தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராயர் தொகுத்த நூலே தனிப்பாடல் திரட்டு. வீரராகவரின் தனிப்பாடல்கள் அதில் இடம்பெற்றமையால் இன்று கற்கக் கிடைக்கின்றன. திருவாரூர் உலாவைப் பின்னாளில் உ.வே.சாமிநாதர் பதிப்பித்தார்.

மறைந்த புலவரின் பாடல்களைத் திரட்டச் செய்த அதே பொன்னுசாமித் தேவர், தம் காலத்தில் வாழ்ந்த பார்வையற்ற புலவர் ஒருவரையும் போற்றினார். அவர் பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836 – 1884). குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தவர். ஒருமுறை கேட்டதை அவ்வாறே நினைவிற்கொள்ளும் ஆற்றல் பெற்றவர். பழனி முருகன்மீது பல பதிகங்கள் பாடியவர். அவருடைய புலமையைக் கண்டு வியந்த தேவர் கவிச்சிங்கம் என்னும் பட்டத்தை வழங்கிச் சிறப்பித்தார்.

இவ்விரு செயல்களையும் ஒன்றாக வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒருவரின் பாட்டைத் தொகுப்பது இறந்த காலத்திற்குச் செய்யும் கடன். வாழும் கலைஞரை அவர் வாழும் நாளிலேயே போற்றுவது நிகழ்காலத்திற்குச் செய்யும் கடன். முன்னதைச் செய்வோர் பலரும் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

இரட்டைப் புலவர்கள் என அழைக்கப்பெறும் இளஞ்சூரியர், முதுசூரியர் ஆகியோருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் மற்றவரைத் தோளில் சுமந்து நடக்க, அவர் வழிகாட்டினார் என்பர். வெண்பாவின் முற்பகுதியை ஒருவர் தொடங்கப் பிற்பகுதியை மற்றவர் முடிப்பது அவர்கள் வழக்கம். தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியன அவர்கள் இயற்றிய நூல்கள்.

குழலில் வாழ்ந்த குடந்தைக் கலைஞர்

பாட்டைப் போலவே இசைக்கருவியும் கேட்டவர் வழியாகவே தலைமுறை கடக்கிறது. கும்பகோணத்தில் வாழ்ந்த சரப சாஸ்திரியார் (1872 – 1904) இளமையிலேயே பார்வையை இழந்தவர். பெரிதும் துணைக்கருவியாகவே ஒலித்துவந்த புல்லாங்குழலைத் தனிக்கச்சேரிக்கு உரிய கருவியாக உயர்த்தியவர் அவர். குழலின் துளைகளை விரல் மூடியும் திறந்தும் எழுப்பும் நுண்ணிய ஒலி வேறுபாடுகளைச் செவியும் விரலுமே அறியும். அவ்விரண்டையும் தம் இரு கண்களாகக் கொண்டு அவர் பயின்றார்.

கதாகாலட்சேபக் கலையிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. அக்கலையில் புகழ்பெற்ற மாங்குடி சிதம்பர பாகவதர் அவரிடம் வழிகாட்டுதல் பெற்றவர். குழலிசையில் அவருடைய மாணவராகத் திகழ்ந்தவர் பல்லடம் சஞ்சீவ ராவ். முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த சரப சாஸ்திரியாரின் இசை அம்மாணவர் வழியாக அவருக்குப் பின்னும் பல்லாண்டுகள் தமிழக மேடைகளில் ஒலித்தது. குறுகிய வாழ்நாளையும் நெடியதாக்க வல்லது மாணவர் மரபு.

விண்ணில் ஒலிக்கும் குரல்

தமிழகத்திற்கு வெளியேயும் இவ்வரலாறு தொடர்கிறது. சரப சாஸ்திரியார் வாழ்ந்த நாளிலேயே, 1897ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கருப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் வில்லி ஜான்சன். சிறுவயதிலேயே அவர் பார்வை பறிபோயிற்று. கித்தார் கம்பிகளின்மேல் ஒரு பொருளை வழுக்கிச் செலுத்தி, மனிதக் குரல் விம்முவது போன்ற ஒலியை எழுப்புவதில் அவர் ஈடிணையற்றவர். கிறித்தவ நற்செய்திப் பாடல்களைத் தெருமுனைகளில் பாடினார், இறைச்செய்தியைப் போதித்தார். 1927 முதல் 1930 வரையுள்ள காலத்தில் கொலம்பியா நிறுவனம் அவருடைய 30 பாடல்களை ஒலித்தட்டில் பதிவு செய்தது. தமிழர் வீரராகவரின் பெயர்முன் அந்தகர் என்னும் சொல்லைச் சேர்த்தது போலவே, ஒலித்தட்டுகளில் அவர் பெயர்முன் பார்வையற்றவர் என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தனர். இரு நாடுகளிலும் கலைஞரின் ஆற்றலுக்கு முன்னர் அவருடைய குறையே பெயராயிற்று.

அவர் பதிவு செய்தவற்றுள் ஒன்று, இரவின் இருளையும் தரையின் குளிர்ச்சியையும் குறிக்கும் தலைப்புடையது. இயேசு பெருமான் துயருற்று வேண்டிய இரவைப் பற்றிய பழைய துதிப்பாடலிலிருந்து அத்தலைப்பு வந்தது. ஜான்சனின் பதிவில் சொற்களே இல்லை. கித்தாரின் ஒலியும் அவருடைய முனகலும் மட்டுமே உள்ளன. மொழி அறியாதவரும் அத்துயரை உணர்வர்.

பிற்காலத்தில் அவர் போமாண்ட் என்னும் நகரில் இறைவேண்டல் இல்லம் ஒன்றை நடத்திவந்தார். 1945ஆம் ஆண்டு அவருடைய வீடு தீப்பற்றி எரிந்தது. செல்ல வேறிடம் இன்மையால் எரிந்து எஞ்சிய வீட்டிலேயே ஈரப் படுக்கையில் உறங்கி நோயுற்று, அவ்வாண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இறந்தார். அவரைப் புதைத்த இடமும் நெடுங்காலம் அறியப்படாமல் கிடந்தது.

1977ஆம் ஆண்டு அமெரிக்கா வாயேஜர் என்னும் இரு விண்கலங்களை ஏவியது. உலக மக்களின் குரலாக அவற்றில் ஒரு பொன்தட்டு வைக்கப்பட்டது. இந்தியாவின் கேசர்பாய் கேர்க்கர் பாடிய இந்துஸ்தானி இசையோடு, ஜான்சனின் சொல்லற்ற அப்பாடலும் அத்தட்டில் இடம்பெற்றது. 2012ஆம் ஆண்டு வாயேஜர் 1 விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியை அடைந்தது. மண்ணில் தலைசாய்க்க நல்லதொரு கூரை இல்லாது இறந்தவரின் குரலை, மனித இனம் தன் அடையாளமாக விண்ணுக்கு அனுப்பியது.

இது பெருமை தரும் செய்தி. அதே வேளையில் நாணம் தரும் செய்தியும் ஆகும். ஒலித்தட்டு அவருடைய பாட்டைக் காத்தது. பாடியவரைக் காக்க ஒருவரும் முன்வரவில்லை.

விரல் படிக்கும் எழுத்து

பிறர் கையையே நம்பியிருந்த நிலையை மாற்றியவர் பிரான்சு நாட்டின் லூயி பிரெய்ல் (1809 – 1852). மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வையை இழந்தவர். அவர் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்த இசைக்கலைஞரும் ஆவார். 1829ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட புள்ளி எழுத்துமுறை, சொற்களை எழுதுவதற்கு மட்டுமன்றி இசையையும் தேவாலயப் பாடலையும் எழுதுவதற்கு உரியதாகவே வகுக்கப்பட்டது. தாம் இசைத்ததைத் தாமே எழுதவும், எழுதியதைத் தாமே படிக்கவும் வேண்டும் என்னும் இசைக்கலைஞரின் வேட்கை அவ்வெழுத்தில் கலந்துள்ளது.

தமிழகத்தில் 1890ஆம் ஆண்டு ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதுகில் எழுதச் செய்து எழுத்தை அறிந்ததாகக் கூறப்படும் வீரராகவரின் காலத்திலிருந்து, விரல்நுனியால் நூலைத் தாமே படிக்கும் காலத்திற்குத் தமிழ் வந்து சேர்ந்தது. இன்று திறன்பேசி எழுத்தை ஒலியாக்கித் தருகிறது. சொல்வதை எழுத்தாக்கியும் தருகிறது.

இத்துணை வசதி வந்த பின்னரும் மனிதத் துணைக்கு உரிய இடம் இருந்தே வருகிறது. அரசுப் பொதுத்தேர்வில் பார்வைக் குறைபாடுடைய மாணவர் தம் விடையைச் சொல்ல, அருகில் இருப்பவர் எழுதுகிறார். கூடுதல் நேரமும் வழங்கப்படுகிறது. அக்காட்சியைக் காண்பவர் அதனைச் சலுகை எனக் கருதுவது பிழை. விடை முழுவதும் சொல்பவருடைய அறிவு. எழுதுபவர், வீரராகவர் சொல்ல ஏட்டில் எழுதிய பெயர் அறியா மாணாக்கரின் மரபில் வந்தவர். அவர் ஓர் எழுத்தையும் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதும்போது அறிவுக்கு உரிய மதிப்பு கிடைக்கிறது.

நெல்லிக்கனி சொல்லும் பாடம்

வீரராகவரின் பாட்டை ஏடு காத்தது. மாம்பழக் கவியின் புலமையைப் போற்ற ஒரு வள்ளல் இருந்தார். சரப சாஸ்திரியாரின் குழலிசையை மாணவர் காத்தார். ஜான்சனின் குரலை ஒலித்தட்டுக் காத்தது. அவரையோ காலம் கைவிட்டது. இவ்வரலாறுகள் அனைத்தும் கேட்பவரின் பொறுப்பை நினைவூட்டுகின்றன. பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர் பாடியவருக்குக் கடன்பட்டவர் ஆகிறார். இரக்கத்தால் அக்கடன் தீராது. கலைஞர் படிக்க வேண்டிய நூலை அவர் விரலுக்கோ செவிக்கோ எட்டச் செய்தலும், அவர் ஏறவேண்டிய மேடைக்கு வழி அமைத்தலும், உழைப்புக்கு உரிய ஊதியம் வழங்கலுமே அக்கடனைத் தீர்க்கும் வழிகள்.

தகடூர் மன்னன் ஔவையாருக்கு நெல்லிக்கனி அளித்தபோது அவர் பாடிய பாடல்களை மட்டும் எண்ணவில்லை. இனி அவர் பாடவிருக்கும் பாடல்களையும் எண்ணினான். கலைஞர் மறைந்த பின்னர் எடுக்கும் விழாவினும், அவர் வாழும் நாளில் நீட்டும் கனி சிறந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் பாரதச் சொற்பொழிவு, கூத்து, பசனை, கீர்த்தனை ஆகியவற்றுள் ஒன்றை நிகழ்த்தும் கலைஞரைச் சந்தித்து, அவர் தம் கலையைக் கேட்டுக் கற்ற முறையை அவர் இசைவுடன் பதிவு செய்து வகுப்பறையில் பகிர்க.

2. இரு பொருள் தரும் சொற்கள் ஐந்தினைத் திரட்டி, ஒருவர் சொல்ல மற்றவர் வேறு பொருள் கொள்ளும் வகையில் உரையாடல் ஒன்றை எழுதுக.

3. பாடநூலின் ஒரு பகுதியைத் தெளிவான ஒலிப்புடன் வாசித்து ஒலிப்பதிவு செய்து, அதனைப் பயன்படுத்த விரும்பும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவருக்கு வழங்குக. அவர் கூறும் கருத்துகளைக் கேட்டுப் பதிவைச் செம்மைப்படுத்துக.

4. 'கலையைப் போற்றுதலும் கலைஞரைப் போற்றுதலும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.